அம்மா கை படாத வான்கோழி

மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயதுக்கு நாமெல்லோரும் வந்துவிட்டோம். ஆகவே என் வயதுக்காரர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். போன வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகன் கோழி சுடுகிற மின்சாரச் சாமான் ஒன்றை வாங்கி வந்தான். உள்ளே சிறு கம்பிப் படுக்கை ஒன்று இருந்தது. "கோழியை இதுமேலதான் வைக்கணும்மா. அடியில காத்து போகணும். அதுதான் ரகசியம்" என்று எனக்கு வகுப்பெடுத்தான்.

கோழிக்கு அடியில் காற்று போவதைப் பற்றி என்னிடம் சொல்கிறான். அந்தக் காற்றுக்காக ஒரு டிசம்பர் மாதம் முழுவதும் எங்கள் வீடு பட்ட பாட்டை நான் யாரிடம் சொல்வது? உங்களிடம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா எஞ்சினீயர். கடற்கரையை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்த்தளத்து வீடு. கேரளம், ஆந்திரம், வங்காளம், தமிழ்நாட்டின் எல்லா மூலைகள் என்று எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம். மதியம் ஒரு மணிக்கு மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு மாநிலத்துத் தாளிப்பு வாசனை வரும். அதற்கெல்லாம் மேலே உப்புக்காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள், பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றையும் அது பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டுப் பிள்ளை. அம்மா திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. இருவரும் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் சந்தித்ததாக ஒரு வரலாறும், ரயில் நிலையத்தில் சந்தித்ததாக இன்னொரு வரலாறும் உண்டு. எங்கே சந்தித்திருந்தாலும் கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில்தான் நடந்தது. அன்றைக்கு அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, வாசலில் நின்று, பத்துப் பேர் கேட்க, ஒரு வாக்கியம் சொன்னாள்: "இந்தப் பிள்ள கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

சொன்னவள் அமெரிக்காவுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. யாரும் அதை உரக்கச் சொன்னதில்லை. ஆனால் சின்ன வயதிலேயே எனக்கு அது மனப்பாடம். குழந்தைகளிடம் சொல்லக்கூடாததைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரியம்மா இருப்பார், இல்லையா?

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அத்தை விடுப்பில் வந்தாள். கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். கூடவே ஒரு வரி: தம்பி பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன், சாப்பாடு ஒன்றும் வேண்டாம்.

அம்மா அன்றைக்கெல்லாம் வீட்டுச் சாமான்களைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துலக்கியவற்றையும் துலக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை சாப்பிடலன்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. பட்டினியா போவாங்க." கொஞ்ச நேரம் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "வூட்டுக்கு வந்தவங்க பட்டினியா போனா அது வூடாடீ? பஸ் ஸ்டாண்டு."

இந்தச் சிக்கலை அப்பா ஒரு எஞ்சினீயராக அணுகினார். சபதத்தை அவர் ஆராய்ந்தார். அதன் வாசகம் 'இந்தப் பிள்ள கையால'. ஆகவே அம்மாவின் கை படாத உணவு சபதத்தின் எல்லைக்குள் வராது. சமைப்பது அப்பா, வேக வைப்பது பேக்கரி அடுப்பு, பரிமாறுவதும் அப்பா. அமெரிக்காவில் இருப்பவளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழி. அப்புறம் அக்கா எப்படிச் சாப்பிடாமல் போவாள்?

"அக்கா வாக்கும் தப்பாது, நம்ம மரியாதையும் போகாது" என்றார் அப்பா, பெருமையாக.

அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். அந்த இரண்டு சொற்களுக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரிகிறது. அப்பாவுக்கு அப்போது தெரியவில்லை. எனக்கும்தான்; நான் அப்பா கட்சி.

வான்கோழியைக் கொண்டுவந்தது அம்மாவின் அண்ணன், என் மாமா. ஊரில் வேன் ஓட்டினார். தோட்டத்தில் நாலைந்து வான்கோழிகளும் வளர்த்தார். டிவிஎஸ் ஐம்பதின் முன்னால் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள்ளிருந்து நீண்ட சிவந்த கழுத்து. கழுத்து நாலு பக்கமும் பார்த்தது, ஓட்டுகிறவர் நேரே பார்த்தார்.

"இன்னா மச்சான், அக்காவுக்கு விருந்தா? எங்க வூட்டுக் கோழிய துன்னலாமா அவங்க?" என்று மாமா சிரித்தார்.

"கோழிக்குக் கை கிடையாது" என்றார் அப்பா.

"அது கரெக்ட்டு. காலும் ரெக்கையுந்தான்."

பின்கட்டில் துணி துவைக்கிற கல்லோடு கோழியைக் கட்டிப்போட்டார்கள். குக்கர் விசிலடித்தால் அது பதிலுக்குக் குரல் கொடுக்கும் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. எங்கள் குக்கருக்கு மட்டுமல்ல, எந்த வீட்டுக் குக்கருக்கும். மூன்று விசில் வைத்த பருப்புக்கு ஆறு விசில் கேட்டது. எங்கள் வரிசையில் அந்த வாரம் பலர் வீட்டில் பருப்பு வேகவில்லை. சிலர் வீட்டில் கரைந்தே போனது. எல்லோரும் அதைக் கிறிஸ்துமஸ் கணக்கில் மன்னித்தார்கள்.

செய்முறை, குடியிருப்பு நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் இருந்தது. அதில் முதல் வரியிலேயே அப்பா நின்றுவிட்டார்: கோழியை ரோஸ்டிங் ரேக் மீது வைக்கவும்.

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"ஒரு ஸ்டாண்டு. அடியில காத்து போகணும். இல்லன்னா அடிப்பக்கம் நீர் விட்டு அவிஞ்சுபோகும்."

நாங்கள் தேடாத கடை இல்லை. செங்கல்பட்டுப் பாத்திரக்கடைக்காரர் இட்லித் தட்டைக் காட்டினார். இன்னொருவர் பூஜை அறைக்கு நல்ல ஸ்டாண்டு இருப்பதாகச் சொன்னார். கடைசியில் மாடி வீட்டு அங்கிள் கைகொடுத்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர், நெல்லூர்க்காரர், தமிழைக் கடைத்தெருவில் கற்றவராகையால் எங்களைவிட நன்றாகச் சண்டை போடுவார். அவர் வீட்டில் உயிர்விட்ட டேபிள் ஃபேன் ஒன்று இருந்தது. அதன் முன்பக்கக் கம்பிக் கூண்டைக் கழற்றி எடுத்து வந்தார்.

"இன்னா சார், டிசைன் எப்படி? நாலு கால் வச்சா ராஜா மாதிரி குந்திக்கும்."

நான்கு நீளமான போல்ட்டுகளை நட்டு போட்டு முறுக்கிக் கால்களாக்கினார்கள். பிறகு பெயிண்டை எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கறியில் விஷம் இறங்கும். சவுக்குத் தோப்பில் சருகு குவித்துத் தீ வைத்தார்கள். சவுக்குச் சருகு எரிகிற வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கடல்காற்றில் அது ஒரு பக்கம் சாய்ந்து, பச்சைப் பெயிண்ட் புகையோடு சேர்ந்து, எங்கள் எல்லோர் முடியிலும் பொங்கல் வரை தங்கியது. கூண்டு கருப்பாகிச் சிவந்து மறுபடியும் கருப்பானது. ஆறியதும் அம்மிக்குழவியை ஏற்றி வைத்து லோடு டெஸ்ட் செய்தார்கள். குழவி உட்கார்ந்தது. போதாதென்று அங்கிள் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். நானும் தாங்கினேன். அதாவது, ஸ்டாண்டு தாங்கியது.

உலகத்தில் எந்தக் கோழிக்கும் இவ்வளவு உறுதியான ஆசனம் கிடைத்திருக்காது. எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒன்றைத் தவிர.

கிறிஸ்துமஸ் காலையில் மாமா வந்து கோழியை முடித்துச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனார். நான் அழவில்லை. அழுததாக அம்மா சொல்வாள். அம்மாவுக்கு மிகைப்படுத்துகிற பழக்கம் உண்டு. அப்பா சமையலறையில் லுங்கியை மடித்துக் கட்டி, வெண்ணெயும் மிளகுமாக நின்றார். அம்மா நிலைப்படிக்கு வெளியே. அவள் உள்ளே வந்து கோழியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. என் வாழ்க்கையின் முதல் உத்தியோகம்.

"மஞ்சத்தூள் போடுங்க, கவுச்சி அடிக்கும்" என்றாள் அம்மா வெளியிலிருந்து.

"புஸ்தகத்துல இல்ல."

"அமெரிக்காக்காரன் மூக்கு வேற. நம்ம மூக்கு வேற."

அப்பா யோசித்தார். யோசனை சொல்வது கை ஆகாது என்று தீர்ப்பானது. மஞ்சள் டப்பா மேல்தட்டில் இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தாள். டப்பாவைத் தொடலாம், தூளைத் தொடக்கூடாது என்று அடுத்த தீர்ப்பு. அம்மா டப்பாவை ஒரு விரலால் மேடைமேல் தள்ளிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் ஒரு பேக்கரி. விறகு அடுப்பு. காலை ரொட்டி இறங்கிய பிறகு அந்தச் சூட்டில் வேறு எதையும் வேகவைத்துத் தருவார்கள். அப்பாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டில் நான், ஸ்டாண்டு என் மடியில். பின்னால் அங்கிளின் ஸ்கூட்டரில் அண்டாவுக்குள் கோழி. கிறிஸ்துமஸ் கேக் தீர்ந்துபோன கடையில் வெனிலா எசன்ஸ் வாசனை மட்டும் மிச்சம் இருந்தது.

பேக்கரிக்காரர் ஸ்டாண்டைப் பார்த்தார். அதன்மேல் ஏறி உட்கார்ந்த கோழியைப் பார்த்தார். அடுப்பின் வாயைப் பார்த்தார். அகலமான வாய், ஆனால் ரொட்டித் தட்டு நுழைகிற அளவுக்குத்தான் உயரம்.

"இன்னா சார் இது, சிம்மாசனத்துல குந்தினு வருது? தல இடிக்குமே."

அளக்க மறந்தது அதைத்தான். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அங்கிள் சமாளித்தார்: "காலைக் கழட்டினா ஆச்சு." ஸ்பானர் வந்தது. ஆனால் தோப்புத் தீயில் வெந்த நட்டுகள் போல்ட்டோடு ஒன்றாகிவிட்டிருந்தன. இரண்டு எஞ்சினீயர்களும் மாறி மாறி முறுக்கினார்கள். ஸ்பானர் வழுக்கியது. அங்கிளின் விரல் முட்டி பெயர்ந்தது. ஒரு தெலுங்கு வார்த்தை வந்தது. அர்த்தம் எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் மறக்கவும் இல்லை.

"சூடு எறங்கினு கீது சார். பேஜாரு பண்ணாம குடுங்க" என்று பேக்கரிக்காரர் கோழியை வாங்கி ஒரு தட்டில் போட்டார்.

"அடியில காத்து போகணும்!" அப்பாவின் குரல் உடைந்தது. கோழிக்காக அல்ல. அக்காவுக்காக.

"போவும், போவும். நான் பாக்காத கறியா?" என்று அவர் பன் அச்சுகளைத் தட்டில் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, அதன்மேல் கோழியைக் கிடத்தி, நீளத் துடுப்பால் உள்ளே தள்ளினார். அவருடைய நம்பிக்கையும் அப்பாவின் நம்பிக்கையும் ஒரே தரத்தவை என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே போன கோழி அச்சுகளிலிருந்து வழுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு தொடை அடுப்பின் கூரையில் ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்தபோது மேல்பக்கம் கரி, கீழ்ப்பக்கம் வெளிறிப்போன சதை.

"ஒரு சைடு அமாவாசை, ஒரு சைடு பௌர்ணமி" என்றார் பேக்கரிக்காரர், தன் பங்கு அதில் ஏதும் இல்லாதவரைப் போல. "கிறிஸ்துமஸ் நாளு, சந்தோசமா எடுத்துனு போங்க."

வீட்டுக்கு வந்தால், வாசலில் டாக்ஸி. அத்தை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள்.

கூடத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி, மேலே அமெரிக்க ஸ்வெட்டர். கையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நாங்கள் வரும்வரை இரண்டு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் ஏதோ விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். சோப்பு வாசனை. "உங்க அம்மகிட்ட ஃபேனைப் போடச் சொல்லு" என்றாள். அம்மா நாலடி தள்ளித்தான் நின்றாள். நான் திரும்பி, "அம்மா, ஃபேன்" என்றேன். அன்று காலையிலிருந்து எனக்கு இது இரண்டாவது உத்தியோகம்.

அப்பா கோழியை மேஜையில் வைத்து, கரியான பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி, கத்தியை இறக்கினார். தொடையிலிருந்து சிவப்பாக நீர் வழிந்தது. அத்தை குனிந்து, முப்பது நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸின் முகத்தோடு அதைப் பார்த்தாள்.

"ஏல தம்பி, இதுக்கு இன்னும் உசிரு இருக்கு. ஒரு ஊசி போட்டா எந்திச்சு ஓடிரும்."

அங்கிள் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது புகை என்று நினைத்தேன். "அரை மணி நேரம் அக்கா. பேக்கரி சூடு இன்னும் இருக்கும். போயிராத, என்ன? போயிராத" என்று கோழியை அண்டாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அங்கிளோடு ஓடினார். ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கடல்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. அத்தையின் வயிறு சத்தம் போட்டது. உண்மையிலேயே கேட்டது. கூச்சத்தில் அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு மூக்கை உயர்த்தினாள்.

"உள்ளே என்ன வாசன, கேளு."

நான் கேட்பதற்குள் அம்மாவே சொன்னாள். "கருவாட்டுக் குழம்பு. நெத்திலி, கத்திரிக்கா போட்டு. எனக்கும் கொழந்தைக்கும் வச்சது." நிறுத்தி, "நான் வச்சது" என்றாள்.

மருந்து பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டுவார்களே, அப்படி.

அத்தை எழுந்து சமையலறைக்குள் வந்தாள். சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி அவள் மூக்குக் கண்ணாடியை மூடியது. அதைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். அந்த ஊர்களில் அவளுக்கு எங்கே கருவாடு? அடுத்த வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான் என்று பின்னாளில் சொன்னாள். அங்கே கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் உள்ள நர்சுகள் எல்லோரும் லீவில் போய்விடுவார்களாம். இவள்தான் வார்டில் இருப்பாளாம். நோயாளிகளுக்கு வந்த வான்கோழியில் மிச்சம், நின்றுகொண்டே. அப்பா ஆசை ஆசையாகச் செய்யப் பார்த்தது அதைத்தான்.

அம்மா ஒரு தட்டை எடுத்துக் கழுவித் தரையில் வைத்தாள். சோற்றுப் பானையை நகர்த்தி வைத்தாள். குழம்புக் கரண்டியைச் சட்டியின்மேல் குறுக்காக வைத்துவிட்டு, ஒதுங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே போட்டுக்கோங்க, அண்ணி. கரண்டி உங்க கையில. உங்க பேச்சு ஒண்ணும் தப்பாது."

அத்தை கரண்டியை எடுத்தாள். பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் முழுக்க நான் அம்மாவின் பின்னால் கட்டிய கைகளைத்தான் பார்த்தேன். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து வெளுத்திருந்தன.

கோபத்தில் ஒருத்தி எதையோ சொல்லிவிடுகிறாள். அதை அவள் மறந்துவிட அனுமதிக்காமல், சுற்றியிருக்கிறவர்கள் பத்திரமாகப் பாதுகாத்து வைக்கிறார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர். நாங்கள் வருடக்கணக்காகச் செய்தது அதுதான். யாராவது ஒருவர், "அட, சும்மா சாப்பிடு" என்று அதட்டியிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அவந்தான் கூறுகெட்டவன். நீயுமா? பசிக்கு. போடு."

அம்மா போட்டாள். முதல் கரண்டியில் வெறும் கத்திரிக்காய் விழுந்தது. இரண்டாவதில் மீன் வந்தது. அத்தை பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள்.

"உப்பு கூட" என்றாள் அத்தை.

"கருவாடுன்னா உப்பு இருக்கத்தான் செய்யும் அண்ணி. அது இன்னா, பாயசமா?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் பயந்துபோனேன். அவள் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். கழுவி வைத்த இரண்டாவது தட்டு வந்தது; அம்மாவும் எதிரே உட்கார்ந்தாள். சட்டி காலியாகும்வரை இருவரும் அப்பாவைத் திட்டினார்கள். அத்தை அவருடைய சின்ன வயதிலிருந்து தொடங்கினாள். அம்மா கல்யாணத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் தட்டுகள் பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குப் போயின. அப்பா உள்ளே வந்தபோது அத்தை கூடத்து நாற்காலியில் இருந்தாள். கோழி இப்போது எல்லாப் பக்கமும் ஒரே நிறம். தேங்காய் மட்டை போல உலர்ந்திருந்தது, லேசாக வெனிலா மணந்தது. அப்பா ஒரு துண்டை வெட்டித் தன் கையால் பரிமாறினார். அத்தை அதை மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பிறகு பாட்டில் தண்ணீரை மறந்து, அம்மா நீட்டிய தம்ளரை வாங்கிக் குடித்தாள்.

"நல்லா இருக்குடே" என்றாள்.

அப்பா அந்த தம்ளரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கோழியைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று முதல் அக்காவைத் திருப்பிக் கொண்டுவந்தது வான்கோழிதான் என்பது அப்பாவின் அசைக்க முடியாத முடிவு. என் கல்யாணத்தில் சம்பந்திகளிடம் கூட இதைச் சொன்னார்; இரண்டு பக்கமும் நின்ற அம்மாவும் அத்தையும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். அடுப்பின் வாயை அளந்து, உயரம் குறைந்த புது ஸ்டாண்டு ஒன்றும் செய்துவைத்திருந்தார். அத்தை விடுப்பில் வந்தால், அது சித்திரை வெயிலாக இருந்தாலும், மாமாவுக்கு ஆள் போகும், கோழி வரும், அப்பா வேர்க்க விறுவிறுக்கப் பேக்கரிக்குக் கிளம்புவார்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிறவரை அத்தை ஜன்னலோரம் நின்று பார்ப்பாள். அப்புறம் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்.

"ஏட்டி, அவன் போயிட்டான். சோத்தப் போடு."